நிறம் கீழே, சைஸ் பக்கவாட்டில்: பேக்கிங் ஷீட்டைத் திருப்பிப் போட்ட மேக்ரோ

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரே ஆர்டர் இரண்டு கோலத்தில் சுற்றும். ஆர்டரைக் கவனித்து நடத்தும் மெர்ச்சண்டைசரின் எக்செல் ஷீட்டில் நிறங்கள் கீழ்நோக்கி வரும், சைஸ்கள் பக்கவாட்டில் ஓடும். பையர் அனுப்பும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) அப்படித்தான் இருக்கிறது என்பதால் கட்டிங் வரைக்கும் யாரும் அதை மாற்றுவதில்லை. பேக்கிங் டேபிளுக்கு அது ஒத்துவராது. நிறம் மூன்றோ நான்கோதான். சைஸ் ஏழெட்டு, மொத்தம் என்று இன்னொரு கட்டம் வேறு. ஏ4 தாளை நெட்டுவாக்கில் ஒட்டி வைத்து, பெட்டி பெட்டியாக டிக் அடிப்பவர்களுக்குச் சைஸ் கீழே இறங்கி வர வேண்டும். "இது பக்கவாட்டுல போகுதுங்க தம்பி, ஒவ்வொரு தடவையும் கழுத்தத் திருப்பிட்டே இருக்கணுமா?" என்று பேக்கிங் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி.

எங்களிடம் வரும் ஷீட் இந்த மாதிரி இருக்கும். எண்கள் உதாரணத்துக்கு.

நிறம் | 2-3 | 3-4 | 5-6 | 7-8 | 9-10 | 11-12 | 13-14 | மொத்தம்
நேவி | 120 | 180 | 240 | 240 | 180 | 120 | 60 | 1140
ரெட் | 80 | 120 | 160 | 160 | 120 | 80 | | 720
கிரே மெலாஞ்ச் | 100 | 150 | 200 | 200 | 150 | 100 | 50 | 950
மொத்தம் | 300 | 450 | 600 | 600 | 450 | 300 | 110 | 2810

குழந்தைகள் டி-ஷர்ட் என்பதால் சைஸ் எல்லாம் வயசுக் கணக்கு. ரெட்டில் 13-14 வெறுமையாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த நிறத்தில் அந்த சைஸ் ஆர்டரே இல்லை என்று அர்த்தம். இந்த வெறுமையும், "3-4" என்று எழுதப்பட்ட அந்தத் தலைப்புகளும்தான் பின்னால் வேலை வாங்கின.

ஒரே ஒரு ஷீட்டைத் திருப்ப மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல், தேவையே இல்லை. பகுதியைத் தேர்ந்து காப்பி செய்து, வெற்று இடத்தில் நின்று கண்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி திறக்கும். டிரான்ஸ்போஸ் என்பதை டிக் செய்து ஓகே கொடுத்தால் முடிந்தது. பத்தாம் வகுப்பில் நிரை நிரல் மாற்று அணி என்று படித்தோமே, அதேதான். எழுத்து வடிவம், நிறம், பார்டர் எல்லாம் கூடவே வரும். மூலப் பகுதியின் மேலேயே ஒட்ட முடியாது, தள்ளித்தான் ஒட்ட வேண்டும். டேபிளாக மாற்றிய பகுதியென்றால் டிரான்ஸ்போஸ் கைகொடுக்காது. முதலில் அதைச் சாதாரண ரேஞ்சாக மாற்ற வேண்டும்.

ஃபார்முலா இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வரிசையின் கடைசியில் இருக்கும் கூட்டல், தான் கூட்டும் செல்களோடு சேர்ந்து திரும்பினால் பிரச்சினை இல்லை. இடப்பக்கம் கூட்டிக்கொண்டிருந்தது மேல்பக்கம் கூட்டத் தொடங்கும், விடை அதேதான். கட்டிங்குக்குச் சேர்க்கும் கூடுதல் சதவீதம் மாதிரி, காப்பி செய்த பகுதிக்கு வெளியே ஒரு செல்லில் உட்கார்ந்திருக்கும் எண்ணை டாலர் குறி போடாமல் ஃபார்முலா காட்டிக்கொண்டிருந்தால், திரும்பிய பிறகு அது வேறெங்கோ போய்க் கை நீட்டும். விடை ஏதோ ஒரு எண்ணாக வந்து நிற்பதால் கண்ணில் படாது.

டிரான்ஸ்போஸ் ஃபார்முலாவும் இருக்கிறது. மூலத்தில் எண் மாறினால் இங்கேயும் தானாக மாறும் என்பது அதன் நல்ல பக்கம். எக்செல் 2021, 365 பதிப்புகளில் ஒரு செல்லில் எழுதினால் போதும், மீதி தானாகப் பரவிக்கொள்ளும். பழைய பதிப்பில் சரியான அளவுக்கு இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஃபார்முலாவை எழுதி, கண்ட்ரோல் ஷிப்ட் என்டர் மூன்றையும் அழுத்த வேண்டும். ஆனால் வெற்றுச் செல் பூஜ்ஜியமாகிவிடும். ரெட் 13-14 கட்டத்தில் 0 என்று பார்த்தால் பேக்கிங்கில் "கேன்சலா, வரலையா?" என்று ஃபோன் வரும். இஃப் போட்டு மறைக்கலாம்தான். அப்படி மறைத்த ஃபார்முலாவை அடுத்து யாராவது திருத்த வேண்டி வரும்போது அவர் பாடு திண்டாட்டம்.

சீசனில் ஒரு ஃபைலுக்குள் ஸ்டைலுக்கு ஒரு ஷீட் என்று வரிசையாக நிற்கும். கையால் திருப்புவதில் எங்கோ ஒன்று விடுபடும். அதனால் மேக்ரோ.

முதலில் ரெக்கார்டர். டெவலப்பர் டேபில் ரெக்கார்ட் மேக்ரோவை அழுத்தி, மேலே சொன்ன டிரான்ஸ்போஸை ஒரு முறை செய்து நிறுத்தினால் எக்செல்லே நிரலை எழுதித் தரும். ஆல்ட் எஃப்11 அழுத்தி அதைப் படித்தால் சங்கதி புரியும்: ஏ4 முதல் ஐ8 வரை தேர்ந்தெடு, காப்பி, கே4-க்குப் போ, டிரான்ஸ்போஸ் ட்ரூ என்று ஒட்டு. முகவரி எல்லாம் அப்படியே செதுக்கிவைத்தது போல நிற்கும். அடுத்த ஸ்டைலில் ஐந்து நிறம் இருந்தால் அட்டவணை பத்தாவது வரிசை வரை போகும். மேக்ரோ எட்டோடு நின்றுவிடும். ஐந்தாவது நிறமும் மொத்தமும் காணாமல் போகும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு ரெக்கார்ட் செய்தாலும் தொடங்கும் இடம்தான் நகரும், அளவு அதேதான். எந்த வேலைக்கு என்ன கட்டளை என்று தெரிந்துகொள்ள ரெக்கார்டர் அருமையான வாத்தியார். அது எழுதியதை அப்படியே வேலைக்கு அனுப்பக் கூடாது.

அளவு தெரியாத அட்டவணைக்குக் கரண்ட் ரீஜன் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு செல்லைக் காட்டினால், நாலு பக்கமும் வெற்று வரிசையோ வெற்று நெடுவரிசையோ வரும் வரைக்கும் உள்ள பகுதி முழுவதையும் அது பிடித்துத் தரும். கண்ட்ரோலோடு ஏ அழுத்தினால் தேர்வாகுமே, அந்தப் பகுதி. இதற்காக ஷீட்டில் ஒரே ஒரு ஒழுங்கைக் கேட்டு வாங்கினேன்: மேலே இருக்கும் பையர் பெயர், ஸ்டைல் நம்பர், பி.ஓ. நம்பர் வரிகளுக்கும் அட்டவணைக்கும் நடுவில் ஒரு வரிசை காலியாக விட வேண்டும். அந்த ஒரு வரிசை இல்லையென்றால் பையர் பெயர் வரைக்கும் சேர்த்துத் திரும்பிவிடும்.

இனி திருப்பும் பகுதி. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-யில் ஒர்க்ஷீட் ஃபங்ஷன் வழியாக டிரான்ஸ்போஸைக் கூப்பிட்டால் ஒரே வரியில் முடியும். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. 65,536 உறுப்புகளுக்கு மேல் கொடுத்தால் பதிப்பைப் பொறுத்துப் பிழை காட்டும், அல்லது சொல்லாமல் வெட்டிவிடும். ஒரு செல்லில் 255 எழுத்துக்கு மேல் இருந்தாலும் தகராறு. எங்கள் அட்டவணை அவ்வளவு பெரிதில்லை என்பது உண்மை. ஆனால் ரிமார்க்ஸ் கட்டத்தில் ஷேடு பற்றி முழுக் கடிதமே எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். சொந்தமாக இரண்டு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைச் சுற்று) எழுதினால் இந்தக் கவலை எதுவும் இல்லை.

மேக்ரோவின் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

மூலம் = தலைப்புச் செல்லின் கரண்ட் ரீஜன், வேல்யூ2
வரிசை = மூலத்தின் முதல் பரிமாண எல்லை
நெடு = மூலத்தின் இரண்டாம் பரிமாண எல்லை
புதியது = (நெடு − 1) × (வரிசை − 1) அளவுள்ள வெற்று அணி
வ என்பது 1 முதல் வரிசை − 1 வரை
    நெ என்பது 1 முதல் நெடு − 1 வரை
        புதியது(நெ, வ) = மூலம்(வ, நெ)

எல்லையைச் சொல்லும் சார்பு யுபவுண்ட், அளவு கொடுப்பது ரீடிம். ரேஞ்சிலிருந்து அணியாக வாங்கினால் எண்ணிக்கை 1-இல் தொடங்கும், 0-இல் அல்ல. தேர்ந்த பகுதி ஒரே செல்லாக இருந்தால் அணியே கிடைக்காது, வெறும் மதிப்புதான் வரும். அப்போது யுபவுண்ட் பிழை கொடுக்கும். எனவே இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசைக்குக் குறைந்த பகுதியை முதலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். லூப் எண்களுக்கு இன்டிஜர் போடாமல் லாங் போடுங்கள். இன்டிஜரின் உச்சம் 32,767 மட்டுமே. நிரலின் தலையில் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விபிஏ அதைப் புது மாறி என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும்.

செல் செல்லாக ஷீட்டில் படித்து, ஷீட்டில் எழுதினாலும் விடை அதேதான் வரும். ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் எக்செல் நேரம் எடுக்கும். மொத்தமாக ஒரு முறை வாசித்து, நினைவகத்தில் திருப்பி, மொத்தமாக ஒரு முறை எழுதுவது பல மடங்கு வேகம். எழுதும்போது ரீசைஸ் கொண்டு அணியின் அளவுக்குச் சரியாக இடம் ஒதுக்க வேண்டும். இடம் பெரிதாக இருந்தால் மிச்சச் செல்களில் பிழைக் குறி வந்து நிற்கும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. சிறிதாக இருந்தால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

லூப்பில் இருக்கும் அந்த "− 1" எதற்கென்றால், மொத்தம் இருக்கும் கடைசி வரிசையையும் கடைசி நெடுவரிசையையும் நான் திருப்பவே இல்லை. வேல்யூ2 வாங்கினால் ஃபார்முலா வராது, விடை மட்டும் வரும். செத்த மொத்தத்தை ஒட்டிவைத்து என்ன பயன்? புதிய ஷீட்டில் புதிதாகக் கூட்டல் ஃபார்முலா எழுதிவிட்டு, அந்த விடைகளை மூலத்தில் இருந்த மொத்தங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நேவியின் 1140 அங்கே வரிசைக் கடைசியில் இருந்தது, இங்கே நெடுவரிசையின் அடியில் வர வேண்டும். 3-4 சைஸின் 450 அடியில் இருந்தது, வலது ஓரத்துக்கு வர வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தக் கட்டம் சிவப்பாகும்.

இதுவரை நடந்தது எளிது. சைஸ் தலைப்பில்தான் கதை.

இந்திய முறையில் தேதி அமைத்த கணினியில், சாதாரணச் செல்லில் 3-4 என்று தட்டி என்டர் கொடுத்தால் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். 2025-இல் தட்டினால் செல்லுக்குள் இருப்பது 45750 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வரும் நாள் கணக்கு அது. 9-10 அக்டோபர் 9 ஆகும், 11-12 டிசம்பர் 11 ஆகும். 13-14 மட்டும் தப்பிக்கும். பதினான்காம் மாதமும் இல்லை, பதின்மூன்றாம் மாதமும் இல்லை. பனியன் கம்பெனிக்கு மட்டும் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, மார்ச் 1, செப்டம்பர் 1 என்று எக்செல் மாற்றிவிடும் பெயர்களையே 2020-இல் மாற்றி வைத்தது. 2023-இல் தானியங்கி மாற்றத்தை நிறுத்த எக்செல்லில் சில தேர்வுகள் சேர்ந்தன. ஆனால் தேதிக்கான தேர்வு எழுத்தும் எண்ணும் ஒட்டிவரும் வகைக்கானது. எங்கள் 3-4 அதில் அடங்காது.

விவரம் தெரிந்த மெர்ச்சண்டைசர்கள் தலைப்பு வரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் தட்டுவார்கள், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுவார்கள். அப்படிச் சரியாக இருக்கும் ஷீட்டைக்கூட மேக்ரோ கெடுக்க முடியும் என்பதுதான் விசேஷம். மூலத்தில் "3-4" எழுத்தாகவே இருக்கிறது, அணிக்குள்ளும் எழுத்தாகவே வருகிறது. புதிய ஷீட்டின் சாதாரணச் செல்லில் அதை எழுதியவுடன், யாரோ விசைப்பலகையில் தட்டியதாக எண்ணி எக்செல் அதைத் தேதியாக்குகிறது. அதிலும் விபிஏ வழியாக எழுதும்போது அமெரிக்க வழக்கம், மாதம் முன்னால். எனவே ஏப்ரல் 3 கூட இல்லை, மார்ச் 4. கையால் பேஸ்ட் ஸ்பெஷல் செய்தால் இந்த வம்பு வராது, ஏனென்றால் ஃபார்மட்டும் சேர்ந்தே பயணிக்கிறது. கையால் செய்தபோது சரியாக வந்தது மேக்ரோவில் ஏன் தப்புகிறது என்று குழம்புபவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

தீர்வு ஒரு வரி. எழுதுவதற்கு முன்பே, புதிய ஷீட்டில் சைஸ் வரப்போகும் முதல் நெடுவரிசைக்கும் நிறப் பெயர் வரப்போகும் முதல் வரிசைக்கும் நம்பர் ஃபார்மட்டை "@" என்று வைத்துவிட வேண்டும். எழுதிய பிறகு வைத்தால் 45720 என்று ஓர் எண் முறைத்துப் பார்க்கும்; மார்ச் 4-இன் நாள் கணக்கு அது. அதே ஜோரில் ஷீட் முழுவதற்கும் "@" வைத்துவிடவும் கூடாது. அளவுகளும் எழுத்தாகிவிடும், கூட்டல் ஃபார்முலாவும் கணக்குப் போடாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும். முன்னால் பூஜ்ஜியம் வரும் ஸ்டைல் நம்பருக்கும், கலர் கோடுக்கும் இதே "@" தான் காவல்.

மூலத்திலேயே தேதியாகிப்போன தலைப்பு வந்தால்? வேல்யூ2 தேதியை வெறும் எண்ணாகத் தருவதால் கண்டுபிடிப்பது சுலபம்: சைஸ் தலைப்பின் வகை எழுத்தாக இல்லாமல் டபுள் என்ற எண் வகையாக இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அதைத் திருப்பி எடுக்கவும் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. ஏப்ரல் 3 என்றாலும் மார்ச் 4 என்றாலும் நாளையும் மாதத்தையும் பிரித்தால் 3, 4 என்ற இரண்டு எண்கள்தான். வயசு சைஸில் சின்ன எண்தான் எப்போதும் முன்னால் வரும். எனவே இரண்டில் சிறியதை முன்னால் வைத்து நடுவில் கோடு போட்டால், ஃபைல் எந்த நாட்டு அமைப்பில் தட்டப்பட்டிருந்தாலும் 3-4 வந்துவிடுகிறது. திரும்பக் கிடைத்த சைஸ் எங்கள் ஏழு சைஸ் பட்டியலில் இருக்கிறதா என்றும் மேக்ரோ பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். மாதக் கணக்கில் வரும் கைக்குழந்தை சைஸ்களுக்கு இந்தக் குறுக்கு வழியை நான் அனுமதிக்கவில்லை. அங்கே மேக்ரோ ஊகிக்க வேண்டாம், ஆள் பார்க்கட்டும்.

அடுத்த காவல் அளவுக் கட்டங்களுக்கு. பி.டி.எஃப்.-இலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது 180-க்குப் பின்னால் நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் என்ற தனி வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். பார்க்க எண், உள்ளே எழுத்து. கூட்டல் ஃபார்முலா அதைக் கண்டுகொள்ளாது. மூலத்திலும் விடும், திருப்பிய ஷீட்டிலும் விடும், எனவே என் மொத்த ஒப்பீடு இரண்டு பக்கமும் சமமாக வந்து பச்சைக்கொடி காட்டும்! ஒப்பீட்டை மட்டும் நம்ப முடியாது என்பதால், லூப்புக்குள் ஒவ்வொரு அளவுச் செல்லின் வகையையும் பார்த்தேன். டபுள் என்றால் சரி, வெறுமை என்றால் சரி, வேறு எதுவாக இருந்தாலும் அந்தச் செல்லின் முகவரியைச் சொல்லிவிட்டு நிறுத்தம். வெற்று அணி உறுப்பு வெற்றுச் செல்லாகவே எழுதப்படுவதால் ரெட் 13-14 கட்டமும் சுத்தமாகக் காலியாக வந்தது. பிழைக் குறி நிற்கும் செல்லை வெறும் எழுத்தோடு ஒப்பிடப் போனால் மேக்ரோவே டைப் மிஸ்மேட்ச் என்று கவிழும்; இஸ் எரர் சோதனையை அதற்கு முன்னால் வையுங்கள். இவற்றோடு, பி.ஓ.-வில் அச்சாகியிருக்கும் மொத்த பீஸ் எண்ணிக்கையை மெர்ச்சண்டைசர் கையால் தட்டும் ஒரு செல்லும் மேலே இருக்கிறது. அட்டவணையைக் கூட்டி வராத எண் அது ஒன்றுதான். நான் அதிகம் நம்புவது அதைத்தான்.

மெர்ஜ் செய்த செல்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மெர்ஜ் செய்த பட்டையில் மேல் இடது செல்லில் மட்டுமே மதிப்பு இருக்கும், மற்றவை வெறுமை. ஒரு பகுதியைக் காட்டி மெர்ஜ் செல்ஸ் என்று கேட்டால் முழுக்க உண்டு என்றால் ட்ரூ, இல்லவே இல்லை என்றால் ஃபால்ஸ், கலந்திருந்தால் நல் என்று பதில் வரும். ஃபால்ஸ் தவிர எது வந்தாலும் மேக்ரோ கிளம்பாது. மெர்ஜைப் பிரித்துவிட்டு வாருங்கள் என்பதே ஒரே பதில்.

மேக்ரோவை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். ஆர்டர் ஃபைலுக்குள்ளேயே வைத்தால் அதை மேக்ரோ உள்ள வகையாகச் சேமிக்க வேண்டும். அதை மெயிலில் வாங்கித் திறப்பவருக்குச் சிவப்புப் பட்டை வந்து நிற்கும். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோவை 2022 முதல் எக்செல் இயல்பாகவே தடுக்கிறது. ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் போய் அன்பிளாக் டிக் செய்தால் திறக்கும். பையருக்குப் போகும் ஃபைலில் அதெல்லாம் எதற்கு? எனவே பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கில் வைத்தேன். ரெக்கார்ட் செய்யும்போது சேமிக்கும் இடமாக அதை ஒரு முறை தேர்ந்தால் அந்த மறைவு ஃபைல் உருவாகிவிடும், எக்செல் திறக்கும்போதெல்லாம் கூடவே திறக்கும். ஒரே எச்சரிக்கை: அங்கிருக்கும் நிரலில் திஸ் ஒர்க்புக் என்றால் அந்த மறைவு ஃபைல்தான். திருப்ப வேண்டிய ஆர்டர் ஃபைலைக் குறிக்க ஆக்டிவ் ஒர்க்புக் என்று எழுத வேண்டும்.

மேக்ரோ ஓடிய பிறகு கண்ட்ரோல் இசட் வேலை செய்யாது. அன்டூ பட்டியலே காலியாகிவிடும். ஆகவே மூல ஷீட்டின் மேல் மேக்ரோ ஓர் எழுத்தும் எழுதுவதில்லை. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் பக்கத்தில் புது ஷீட் ஒன்றைச் சேர்த்து அதில்தான் எழுதுகிறது. அதே பெயரில் ஏற்கெனவே ஷீட் இருந்தால் அழிக்காமல் நிற்கும். எல்லா ஷீட்டிலும் ஓட விடும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் தொகுப்பிலேயே புது ஷீட் சேர்ப்பது குழப்பம். முதலில் இருக்கும் ஷீட் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலில் வாங்கிக்கொண்டு, பிறகு அந்தப் பட்டியலைச் சுற்றினேன். ஷீட் பெயருக்கு 31 எழுத்து வரம்பு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயரில்தான் தமிழ் வந்து மாட்டியது. ஸ்டைல் பெயரோடு "-பேக்கிங்" என்று தமிழில் சேர்க்க நினைத்தேன். விபிஏ எடிட்டரில் தமிழைத் தட்டினால் "?????" என்று நிற்கும். அந்த எடிட்டர் யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்து அட்டவணையை நம்பி ஓடுகிறது. தமிழுக்கென்று அப்படி ஓர் அட்டவணை விண்டோஸில் இல்லை. எனவே கணினியின் வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றியும் பயனில்லை. மெசேஜ் பாக்ஸிலும் இதே கேள்விக்குறிகள்தான். ஆனால் செல்லில் இருக்கும் தமிழ் மேக்ரோவுக்குள் போய்த் திரும்பி வரும்போது ஓர் எழுத்தும் கெடாது, ஏனென்றால் ஓடும் நேரத்தில் விபிஏ எழுத்துச் சரங்களை யூனிகோடாகவே வைத்திருக்கிறது. எடிட்டரின் கண்ணுக்குத்தான் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் சிஎச்ஆர்டபிள்யூ சார்பில் எண்ணாகக் கொடுத்துக் கோக்கலாம், படிக்கச் சகிக்காது. நான் செய்தது: மறைவு ஃபைலின் முதல் ஷீட்டில் ஏ1-இல் "-பேக்கிங்", ஏ2-இலிருந்து கீழே எச்சரிக்கை வாசகங்கள் என்று தமிழில் தட்டி வைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். எச்சரிக்கையும் மெசேஜ் பாக்ஸில் வராமல் புதிய ஷீட்டின் மேல் வரியில் போய் உட்காரும். பார்க்கப்போனால் அது இன்னும் வசதி. ஓகே அடித்து ஓட்டிவிட முடியாது, அச்சிலும் வரும்.

பேக்கிங் கணினியில் எக்செல் இல்லை, லிப்ரேஆபிஸ் என்ற இலவச மென்பொருள்தான். அங்கே அதே வேலைக்கு அதன் பேசிக் மொழியில் தனியாக எழுத வேண்டியிருந்தது. கெட் டேட்டா அரே என்று வாங்கினால் அணிகளின் அணியாக வரும், எண்ணிக்கை 0-இல் தொடங்கும். செட் டேட்டா அரே கொண்டு எழுதும்போது இடத்தின் அளவு அணியின் அளவோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும், இல்லையென்றால் பிழை. இந்தக் கறாரை நான் வரவேற்கிறேன். எழுத்தாகக் கொடுத்த "3-4"-ஐ அது தேதியாக்குவதும் இல்லை. எடிட்டரில் தமிழ் அப்படியே தெரிகிறது, மாறிப் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டேன். பெரிய பட்டியலைத் திருப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்செல்லில் 10,48,576 வரிசைகள் இருந்தாலும் நெடுவரிசை 16,384-தான். லிப்ரேஆபிஸ் 7.4-க்கு முன்பு வரை நெடுவரிசை 1,024 மட்டுமே. நீளமான பட்டியலைத் திருப்பினால் பக்கவாட்டில் இடம் போதாது.

திருப்பிய தாள் டேபிளில் ஒட்டியாகிவிட்டது. உடனே அடுத்த கேள்வி ஸ்டிக்கர் அடிப்பவரிடமிருந்து வந்தது: அவருடைய லேபிள் மென்பொருளுக்குக் கட்டம் எதுவும் வேண்டாம், நிறம், சைஸ், எண்ணிக்கை என்று மூன்றே நெடுவரிசை, ஒரு நிறத்தின் ஒரு சைஸுக்கு ஒரு வரி. எக்செல் 2016 முதல் பவர் குவெரியில் அன்பிவட் காலம்ஸ் என்று இதற்கென்றே வசதி இருக்கிறது. பழைய கணினியில் அது கிடையாது. நம் லூப் ஏற்கெனவே எல்லாக் கட்டத்தையும் ஒரு சுற்று பார்க்கிறது. புதியது(நெ, வ) என்ற அந்த ஒரு வரிக்குப் பதில், தலைப்பு வரிசையையும் தலைப்பு நெடுவரிசையையும் தாண்டி 2, 2-இலிருந்து தொடங்கி, கட்டம் காலியாக இல்லாவிட்டால் ஒரு கணக்கியை ஒன்று கூட்டி, மூலம்(வ, 1), மூலம்(1, நெ), மூலம்(வ, நெ) மூன்றையும் அடுத்தடுத்து எழுத வைத்தேன். மேலே இருக்கும் அட்டவணைக்கு மூன்று நிறம், ஏழு சைஸ், ஒரு காலிக் கட்டம் போக 20 வரி வரும். சைஸ் நெடுவரிசைக்கு "@" இங்கேயும் முன்கூட்டியே வைக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தைச் சட்டையின் கழுத்தில் மார்ச் 4 என்று ஸ்டிக்கர் ஒட்டும்.